தோள் மாத்த ஆள் இல்லாத வீடுகள்

1/
"அவரைப் பார்த்துக்கிறது சரிம்மா, உங்க உடம்பையும் கொஞ்சம் பார்த்துக்குங்க."

படுத்த படுக்கையா இருக்கிற ஒருத்தரை வீட்ல வெச்சு கவனிக்கிற பெண்கிட்ட சொல்லக்கூடிய வாக்கியங்கள்லயே உருப்படாத வாக்கியம் இதுதான். இதை அதிகமா சொல்றது எங்க டாக்டர் கூட்டம்தான். கொஞ்சம் நீளமான இழை. கோபமாவும் இருக்கும். பொறுத்துக்குங்க.

2/
ஏன் உருப்படாததுன்னா, அதுல அறிவுரை இருக்கு, நேரம் இல்லை. "நல்லா தூங்குங்க"ன்னு சொல்றோம். அவங்க தூங்கும்போது யார் முழிச்சிருப்பாங்கன்னு கேட்கிறதில்லை. "தினமும் நடங்க"ன்னு சொல்றோம். அந்த முக்கால் மணி நேரம் கட்டில் பக்கத்துல யார் உட்காருவாங்கன்னு கேட்கிறதில்லை. கேட்க வேண்டிய கேள்வியை விட்டுட்டு, அறிவுரையை மட்டும் சீட்டுல எழுதிக் கொடுக்கிறோம்.

3/
காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். இந்த ஊருக்கு ரெண்டு விஷயம் நல்லாத் தெரியும். ஒண்ணு தறி. இன்னொண்ணு சாமி புறப்பாடு. ரெண்டுமே ஒத்தை ஆளால ஆகாத வேலை.

4/
கோர்வைச் சேலையை எடுத்துக்குங்க. உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். ரெண்டும் சேர்ற இடத்துல இழையோட இழை கோத்துப் பூட்டணும். அதுக்கு மூணு நாடா ஓடணும். குழித்தறியில உட்கார்ந்திருக்கிறவருக்கு இருக்கிறது ரெண்டு கை. அதனால பக்கத்துல இன்னொருத்தர் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா போட்டுக் கொடுப்பார். பல வீடுகள்ல அது வீட்டுக்காரம்மா. அவங்க எழுந்து போயிட்டா கோர்வை நின்னுடும். "மனசு வெச்சா ஒரே ஆளா நெய்யலாம்"னு இந்த ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க.

5/
வைகாசி பிரம்மோற்சவம், வரதர் கருட சேவை. ஸ்ரீபாதம் தாங்கிகள் எத்தனை பேர் தோள் கொடுக்கிறாங்கன்னு பார்த்திருப்பீங்க. நடுவுல தோள் மாத்திக்குவாங்க. மண்டகப்படி வந்தா சாமியை இறக்கி வெச்சு இளைப்பாறுவாங்க. அப்படி இளைப்பாறினவரைப் பார்த்து "உனக்குப் பக்தி போதாது"ன்னு யாராவது சொல்லுவோமா?

6/
அப்போ எனக்கு ஒரு கேள்வி. பக்கவாதத்துல விழுந்த 70 கிலோ மனுஷனை, வருஷக்கணக்கா, ராத்திரி பகலா, ஒரே ஒரு பெண் தோள் மாத்தாம தூக்கணும்னு எந்த சாஸ்திரத்துல எழுதியிருக்கு? எந்த மருத்துவப் புத்தகத்துல எழுதியிருக்கு?

எதுலயும் இல்லை. நாமளா எழுதிக்கிட்டது.

7/
இந்த வேலைன்னா என்னன்னு கணக்கு போட்டுப் பார்ப்போம். படுக்கைப்புண் வராம இருக்க 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்றோம். ஒரு நாளைக்கு 12 தடவை. மூக்குக் குழாய் வழியா 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை உணவுன்னா, ராத்திரி கொஞ்சம் விட்டுக் கொடுத்தாலும் 6 தடவை. டயாபர் மாத்தணும், சிறுநீர்ப் பையைக் காலி பண்ணணும், வாய் சுத்தம் பண்ணணும், உடம்பு துடைக்கணும், கை கால் மடக்கி நீட்டணும், மாத்திரை பொடி பண்ணணும். இதோட மீதிக் குடும்பத்துக்குச் சமையல்.

8/
2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும்னா, அந்த வீட்ல யாரோ ஒருத்தர் 2 மணி நேரத்துக்கு மேல சேர்ந்தாப்ல தூங்கவே கூடாதுன்னு அர்த்தம். அதைத்தான் நாங்க மருந்துச் சீட்டுல எழுதறோம். ஆஸ்பத்திரி வார்டுல இதே வேலைக்கு ஒரு நாளைக்கு மூணு ஷிப்ட், மூணு நர்ஸ். வார விடுப்பு உண்டு. வீட்ல மூணு ஷிப்டும் ஒரே ஆள். ஞாயிற்றுக்கிழமையும் அவங்கதான்.

9/
நெசவு வீட்ல இது இன்னும் மோசம். பிள்ளையார்பாளையம் பக்கம் எந்தத் தெருவுல வேணும்னாலும் இருக்கக்கூடிய ஒரு வீட்டை நினைச்சுக்குங்க. நெய்றவருக்கு 52 வயசு, பக்கவாதம், வலது பக்கம் செயல்படலை. கரை நாடா போட்டுக் கொடுத்த, தார் சுத்திக் கொடுத்த மனைவி இப்போ கட்டில் பக்கத்துல. விழுந்தது ஒருத்தர், ஆனா தறியை விட்டு ரெண்டு பேர் எழுந்துட்டாங்க. தறியில ஏத்தின பாவு பாதியில நிக்குது. சேலை முடிஞ்சாத்தான் கூலி.

10/
அவருக்கு எதுவும் ஆகலை, அவரோட அம்மாவுக்கு மறதி நோய்னு வெச்சுக்குங்க. அப்பவும் தறியை விட்டு எழறது மருமகள்தான். ராத்திரி கதவைத் திறந்துட்டு வெளியில போற மாமியார் பின்னாடி ஓடறது அவங்கதான். காலையில தறியில உட்கார்ந்தா கண் சொருகும். இழை அறுந்தாத் தெரியாது. சேலையில குறை விழுந்தா கூலியில பிடிப்பாங்க. அந்தக் குறைக்குக் காரணம் மறதி நோய்னு எந்தக் கணக்குலயும் வராது.

11/
ஆஸ்பத்திரியில இவங்களுக்கு நாங்க வெச்சிருக்கிற பேர் "அட்டெண்டர்". "பேஷண்ட் அட்டெண்டர் யாரு, வாங்க!" கேஸ் ஷீட்ல அவங்க வயசு இருக்காது. அவங்களுக்குச் சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, தெரியாது. போன் நம்பர் மட்டும் இருக்கும். பணம் கட்டணும்னா, ரத்தம் ஏற்பாடு பண்ணணும்னா, ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போகணும்னா கூப்பிட.

12/
டிஸ்சார்ஜ் அன்னைக்கு நடக்கிறதைப் பாருங்க. மூக்குக் குழாய்ல எப்படி ஊத்தணும், எந்த உயரத்துல தலையை வெக்கணும், சிறுநீர்க் குழாய் அடைச்சா என்ன பண்ணணும்னு வார்டு வாசல்ல வெச்சு அஞ்சு நிமிஷத்துல சொல்லி அனுப்பறோம். ஒரு நர்ஸ் மூணு நாலு வருஷம் படிச்சுக் கத்துக்கிற வேலை இது. ஒரு மாசம் கழிச்சுப் புண்ணோட வந்தா "சரியாப் பார்த்துக்கலையாம்மா?"ன்னு முகத்தைச் சுளிக்கிறோம்.

13/
காஞ்சிபுரத்துல பிறந்த அண்ணா 1969-ல புற்றுநோயால இறந்தார். அவர் பேர்லயே காரப்பேட்டையில அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்தா வழக்கமா வாரம் 5 நாள், 6-7 வாரம் ஆகும். நோயாளிக்குப் படுக்கை உண்டு. அந்த 6-7 வாரம் கூட இருக்கிறவங்க வேலை, சாப்பாடு, தூக்கம், குளியல்? தமிழ்நாட்ல எந்தப் பெரிய ஆஸ்பத்திரி வளாகத்துக்கும் ராத்திரி 10 மணிக்கு மேல போய்ப் பாருங்க. மரத்தடியிலயும் படிக்கட்டுலயும் துண்டை விரிச்சுப் படுத்திருக்கிறவங்கதான் அட்டெண்டர்.

14/
"பொம்பளைங்கதான் பார்க்கிறாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"ன்னு கேட்பீங்க. மத்திய அரசோட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024 சொல்லுது. 15-59 வயசுப் பெண்கள்ல 41 சதவீதம் பேர் வீட்டாரைப் பராமரிக்கிற வேலை செய்றாங்க. அதே வயசு ஆண்கள்ல 21.4 சதவீதம். செய்றவங்களை மட்டும் எடுத்தாலும் பெண்களுக்கு ஒரு நாளைக்கு சுமார் 140 நிமிஷம், ஆண்களுக்கு 74 நிமிஷம். இதுல குழந்தை வளர்ப்பும் சேர்த்தி. சமையல், துணி, பாத்திரம் தனிக் கணக்கு. அதுல பெண்களுக்கு 289 நிமிஷம், ஆண்களுக்கு 88.

15/
மனைவியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கிற கணவர்கள் இருக்காங்க. அம்மாவுக்கு எல்லாம் செய்யிற மகன்கள் இருக்காங்க. அவங்களுக்கு என் வணக்கம். ஆனா ஒரு ஆண் அதைச் செஞ்சா தெருவே பேசுது, வீடியோ எடுத்துப் போடறாங்க. ஒரு மருமகள் பத்து வருஷம் செஞ்சா அது செய்தியே கிடையாது. அவங்க செய்யாம விட்ட ஒரு நாள்தான் செய்தி.

16/
இப்போ மருத்துவம். 1999-ல "ஜாமா" இதழ்ல ஷுல்ஸ், பீச் ரெண்டு பேரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. 66 முதல் 96 வயசு வரைக்கும் உள்ளவங்க. கணவனையோ மனைவியையோ பராமரிச்சு, அந்தச் சுமையால உடம்பும் மனசும் நொந்தவங்க நாலு வருஷத்துக்குள்ள இறக்கிற ஆபத்து, அந்த வேலை இல்லாதவங்களை விட 63 சதவீதம் அதிகம். பராமரிச்சும் அப்படி நொந்து போகாதவங்ககிட்ட இந்தக் கூடுதல் ஆபத்து தெரியலை. கடைசி வரியை மறுபடி படிங்க. பார்த்துக்கிற வேலை ஆளைக் கொல்றதில்லை. தாங்க முடியாத அளவுக்கு ஒருத்தர் மேலயே அதை ஏத்தறதுதான் கொல்லுது.

17/
இன்னொண்ணு. 1995, "லான்செட்" இதழ். ஓஹாயோவுல கீகோல்ட்-கிளேசர் குழு, மறதி நோயாளிகளைப் பார்த்துக்கிற பெண்களுக்கும், அந்த வேலை இல்லாத அதே வயசுப் பெண்களுக்கும் கையில ஒரே அளவுல சின்னக் காயம் பண்ணி, எத்தனை நாள்ல ஆறுதுன்னு பார்த்தாங்க. பார்த்துக்கிறவங்களுக்கு ஆற 9 நாள் கூடுதலா ஆச்சு. சின்ன ஆய்வுதான். ஆனா களைப்பு "மனசு சம்பந்தப்பட்டது" மட்டும் இல்லை, தோல் வரைக்கும் இறங்குதுன்னு காட்டின ஆய்வு.

18/
என்னை மாதிரி டாக்டர்கள் தினமும் பார்க்கிறது இதைத்தான்: தனியா தூக்கித் தூக்கிப் போன முதுகு. பாதியில நிறுத்தின சர்க்கரை மாத்திரை ("அவருக்கு வாங்கவே சரியாப் போகுது டாக்டர்"). ரெண்டு வருஷமா தள்ளிப் போட்ட கர்ப்பப்பை ஆபரேஷன். மார்புல கட்டி தெரிஞ்சும் ஆறு மாசம் கழிச்சு வர்றது. ஏன் லேட்டுன்னு கேட்டா ஒரே பதில்: "நான் வந்துட்டா அங்க யாரு இருக்கா?"

அந்தப் பதில்லதான் நோயோட காரணமே இருக்கு.

19/
வெளியில யாரும் பேசாத ஒண்ணைச் சொல்றேன். நடு ராத்திரி நாலாவது தடவை எழுந்து டயாபர் மாத்தும்போது "இவர் போய்ச் சேர்ந்தா தேவலை"ன்னு ஒரு நினைப்பு வரும். அடுத்த நிமிஷமே "ஐயோ, நான் பாவி"ன்னு அழுகை வரும். இதைப் படிக்கிற சிலருக்கு நேத்து ராத்திரி கூட வந்திருக்கும். அம்மா, நீங்க பாவி இல்லை. வருஷக்கணக்காத் தூங்காத மூளை பேசற பேச்சு அது. ரொம்ப நேசிக்கிறவங்களுக்கும் வரும்.

20/
ஆனா அதுக்கும் ஒரு எல்லை உண்டு. கை ஓங்க ஆரம்பிச்சாச்சு, நோயாளியை நினைச்சாலே வெறுப்பா இருக்கு, சாப்பாடு இறங்கலை, "ரெண்டு பேரும் சேர்ந்து போயிடலாம்"னு தோணுது... இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லணும். டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம். தமிழ்நாடு அரசோட 104-க்கும் கூப்பிடலாம்.

21/
சரி, யார் மேல கோபம்? முதல்ல "பார்க்க வர்ற" சொந்தக்காரங்க மேல.

ஹார்லிக்ஸ் பாட்டில், ரெண்டு சீப்பு வாழைப்பழம். நோயாளி பக்கத்துல இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துல இந்தம்மா எழுந்து காபி போடணும். காபியைக் குடிச்சுட்டு "என்ன, இவ்ளோ இளைச்சுட்டாரு? சரியா சாப்பாடு குடுக்கிறதில்லையா?" வாசல்ல செருப்பு மாட்டும்போது "எதுவா இருந்தாலும் சொல்லும்மா, நாங்க இருக்கோம்."

எங்க இருக்கீங்க?

22/
அடுத்தது வீடியோ கால் மகன்கள், மகள்கள். வெளியூர்ல இருக்கிறது தப்பில்லை, பிழைப்பு. ஆனா போன்ல முகத்தைப் பார்த்துட்டு "அம்மாவுக்கு நகம் வெட்டலையா அண்ணி?"ன்னு மேற்பார்வை பார்க்கிற உரிமை உங்களுக்குக் கிடையாது. "பணம் வேணும்னா கேளுங்க"ன்னு சொல்லாதீங்க. கேட்க வைக்கிறதே அவமானம். ஒண்ணாம் தேதி கணக்குல போட்டுடுங்க. வருஷ லீவுல பத்து நாள் வந்து ராத்திரி ஷிப்ட் எடுங்க. அந்தப் பத்து நாள் அவங்க வேற ரூம்ல தூங்கட்டும்.

23/
"அம்மாவுக்கு டயாபர் மாத்த எனக்குக் கூச்சமா இருக்கு டாக்டர், ஆம்பளைப் பையன்." சரி. கூச்சம் இல்லாத வேலை நிறைய இருக்கே! துணி துவைங்க. சமைங்க. ராத்திரி 2 மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து திருப்பிப் படுக்க வைங்க. மாத்திரை வாங்கி வாரக் கணக்குக்குப் பிரிச்சு வைங்க. அரசு ஆபீஸுக்கு அலையுங்க. இதையும் செய்யலைன்னா அதுக்குப் பேர் கூச்சம் கிடையாது, சோம்பேறித்தனம்.

24/
மூணாவது, "தியாகி" பட்டம் கொடுக்கிறவங்க. "நீ தெய்வம்மா", "உனக்குப் புண்ணியம்மா". கேட்க நல்லா இருக்கும். ஆனா பட்டம் கொடுத்ததும் நம்ம கடமை முடிஞ்சிடுது பாருங்க, அதுக்காகத்தான் கொடுக்கிறோம். தெய்வம்னு சொல்லிட்டா அவங்களுக்குப் பசிக்காது, முதுகு வலிக்காது, தூக்கம் வராது. வந்தாலும் சொல்லக் கூடாது.

25/
அந்தத் தியாகத்துக்குக் கடைசியில கிடைக்கிறது என்ன? எட்டு வருஷம் கழிச்சு அவர் போயிடறார். காரியம் முடிஞ்சு சொந்தம் கிளம்பிடுது. இந்தம்மாவுக்கு இப்போ 50 வயசு. கை தறியை விட்டு எட்டு வருஷம் ஆச்சு. சேமிப்பு மருந்துக்கடைக்குப் போயாச்சு. வீடு யார் பேர்ல இருக்குன்னு பேச்சு ஆரம்பிக்குது. பார்த்துக்கிட்டது மருமகள்னா, அந்தப் பேச்சுல அவங்களுக்கு நாற்காலி கூடக் கிடையாது.

26/
இப்போ அரசாங்கம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. பொறுப்புல இருக்கிற பெரியவங்களைக் கைவிட்டா 3 மாசம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். கைவிடறவங்களைத் தண்டிக்கட்டும், நானும் கை தூக்கறேன். ஆனா கைவிடாம தாங்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கிறவங்களுக்கு அந்தச் சட்டம் என்ன தருது? ஒரு நாள் ஓய்வு கூடத் தரலை.

27/
மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கொஞ்சம் பரவாயில்லை. கூலி வாங்கியோ வாங்காமலோ பராமரிக்கிற பெற்றோர், குடும்பத்தார் எல்லாரையும் "பராமரிப்பாளர்"னு அது ஒத்துக்குது. அதிக உதவி தேவைப்படறவங்களுக்குப் பராமரிப்பாளர் படி தரணும்னு 24-வது பிரிவுல இருக்கு. ஆனா அரசோட பொருளாதார வசதிக்கு உட்பட்டு! அந்த வீட்டுப் பெண்ணுக்கு "உன் வசதிக்கு உட்பட்டுப் பார்த்துக்கோ"ன்னு யாரும் சொல்லலை.

28/
தமிழ்நாட்ல கடுமையா பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாசம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கு. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, பார்க்கின்சன், முதுகுத் தண்டுவடக் காயம் உள்ளவங்களுக்கும் உண்டு. தகுதி இருந்து வாங்காதவங்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல உடனே விண்ணப்பிங்க. ஆனா வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு 67 ரூபாய் கூட முழுசா வராது. டயாபருக்கும் கையுறைக்குமே போதாது. பார்த்துக்கிறவங்க கூலின்னு ஒண்ணு அதுக்குள்ள எங்க வரும்?

29/
முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை. எத்தனையோ உயிரைக் காப்பாத்தின திட்டம், மதிக்கிறேன். ஆனா அது ஆஸ்பத்திரி சிகிச்சைக்கு. மூளையில ரத்தக் கட்டியை எடுக்க லட்சக்கணக்குல செலவழிச்சுக் காப்பாத்தின அதே மனுஷனை, டிஸ்சார்ஜ் ஆன மறுநாள்லேருந்து 20 வருஷத்துக்கு ஒரு பெண்ணோட முதுகெலும்பை நம்பி விட்டுடறோம்.

30/
கேரளாவைப் பாருங்க. படுக்கையில இருக்கிறவங்களைப் பார்த்துக்கிறவங்களுக்குன்னே "ஆஸ்வாசகிரணம்"னு ஒரு திட்டம். மாசம் 600 ரூபாய்தான். தொகை கேலிக்கூத்து. ஆனா பணம் யார் பேர்ல? பார்த்துக்கிறவங்க பேர்ல. "நீயும் ஒரு ஆள்"னு அரசாங்கம் ஒத்துக்கிட்ட இடம் அது. 1993-ல கோழிக்கோட்ல சில டாக்டர்கள் ஆரம்பிச்ச வலி நிவாரண சிகிச்சை, பிறகு தெருவாசிகளே தன்னார்வலரா வீடு வீடாப் போற இயக்கமா வளர்ந்துச்சு. 2008-ல அதுக்கு மாநிலக் கொள்கையே வந்துச்சு. இப்போ பஞ்சாயத்துகள் நடத்துது.

31/
நம்மகிட்ட கட்டமைப்பு இல்லையா? இருக்கு. 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கின "மக்களைத் தேடி மருத்துவம்". மகளிர் சுகாதாரத் தன்னார்வலர், இயன்முறை மருத்துவர், வலி நிவாரண நர்ஸ் வீட்டுக்கே வர்றாங்க. நாட்டுக்கே முன்மாதிரி. நான் கேட்கிறது சின்ன விஷயம். பையில இருக்கிற அதே பிபி மெஷினைக் கதவைத் திறந்து விட்ட அம்மா கையிலயும் கட்டுங்க. பதிவேட்ல "பராமரிப்பாளர்"னு ஒரு தனி வரி போடுங்க: பிபி, சர்க்கரை, எத்தனை மணி நேரத் தூக்கம், ரெண்டாவது ஆள் யார்.

32/
டாக்டர்களுக்கு, அதாவது எங்க ஆளுங்களுக்கு:

டிஸ்சார்ஜ் சீட்டுல "வீட்டில் பார்த்துக்கொள்பவர் 1, 2" ரெண்டு பேரும் வேணும். ரெண்டாவது கட்டம் காலியா இருந்தா அது ஒரு அபாயக் குறி, சமூகப் பணியாளரைக் கூப்பிடணும். பயிற்சியை ரெண்டு பேருக்கும் கொடுங்க, ஒரு தடவை அவங்க கையால செய்ய வெச்சுப் பாருங்க. மறுபரிசோதனைக்கு வரும்போது கூட வந்தவங்களை உட்கார வெச்சு "நீங்க எப்படி இருக்கீங்க?"ன்னு கேளுங்க. சுமையை அளக்க "ஸாரிட்"னு 22 கேள்வி இருக்கு. கால் மணி நேரம் போதும்.

33/
நெசவாளர் கூட்டுறவு சங்கங்களுக்கும் மாஸ்டர் வீவர்களுக்கும்:

ஒரு வீட்ல ஆள் விழுந்தா, பாவைத் திரும்ப எடுத்துடாதீங்க. ஆறு மாசத் தவணை கொடுங்க. கோர்வைக்கு ரெண்டாவது ஆள் போயிட்டா, சங்கமே ஒரு மாற்று ஆளை ஏற்பாடு பண்ணட்டும், இல்லைன்னா ஒத்தை ஆளா நெய்யக்கூடிய ரகத்துக்குப் பாவு மாத்திக் கொடுங்க. தறி ஓடினாத்தான் அந்த வீட்ல மருந்தும் ஓடும்.

34/
அரசுக்கு மூணு கோரிக்கை.

ஒண்ணு, பார்த்துக்கிறவங்க பேர்லயே மாதப் படி.

ரெண்டு, ஒவ்வொரு வட்டாரத்துலயும் மாற்று ஓய்வுப் படுக்கைகள். மாசத்துல 3 நாள் நோயாளியை அங்க விட்டுட்டு அவங்க தூங்கட்டும், ஆபரேஷன் பண்ணிக்கட்டும், சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போகட்டும்.

மூணு, பெரிய ஆஸ்பத்திரிகள்ல அட்டெண்டருக்குப் படுக்க, குளிக்க இடம். மண்டகப்படி சாமிக்கு மட்டும் போதாது, தூக்கறவங்களுக்கும் வேணும்.

35/
"நடைமுறைக்கு ஒத்து வராது"ன்னு சொல்லுவாங்க. 2019 ஜூலை 1-லேருந்து ஆகஸ்ட் 17 வரை, 48 நாள், அத்தி வரதர் தரிசனம் நடந்த ஊர் இது. கோடிக்கணக்கா ஜனம் வந்துச்சுன்னு கணக்கு சொன்னாங்க. பந்தல், குடிதண்ணி, மருத்துவ முகாம், தற்காலிக பஸ் ஸ்டாண்டுன்னு ஏற்பாடு பண்ணினோம். 40 வருஷத்துக்கு ஒரு தடவை சயனக் கோலத்துல வந்தவருக்காக அவ்வளவும் முடிஞ்ச ஊருக்கு, வருஷம் பூரா வீட்டுக்குள்ள படுத்திருக்கிறவங்களுக்காகப் பத்து படுக்கை போட முடியாதா?

36/
"டாக்டர், நீங்க வெளிநாட்டுக்காரன் மாதிரி பெத்தவங்களை ஹோம்ல விடச் சொல்றீங்களா?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். இல்லை. வீட்லயே வெச்சுப் பாருங்கன்னுதான் சொல்றேன். அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்துல ஒரு கிழவி படுத்தா அத்தை, சித்தி, ஓரகத்தி, நாத்தனார்னு நாலு கை மாறும். அந்த நாலு கையும் பெண்கள் கைதான், அது வேற கதை. இப்போ கடமை அப்படியே இருக்கு, கைகள் மட்டும் குறைஞ்சு போச்சு. குறைஞ்ச கைகளை நிரப்பாம கலாச்சாரம் பேசறது ஏமாத்து வேலை.

37/
"காசு கொடுத்து ஆள் வெச்சுக்கலாமே?" வெச்சுக்க முடிஞ்சவங்க தாராளமா வெச்சுக்குங்க, குற்ற உணர்ச்சியே வேண்டாம். ஆனா முழு நேர ஹோம் நர்ஸ் வெக்கணும்னா தறிக் கூலியை அப்படியே தூக்கிக் கொடுக்கணும். அப்புறம் சாப்பாட்டுக்கு? முடியாத வீடுகளைப் பத்தித்தான் இந்த இழை.

38/
இப்போ, பார்த்துக்கிட்டிருக்கிற உங்களுக்கு. அறிவுரை வேண்டாம்னு ஆரம்பிச்சேன். அதனால வேலையைக் குறைக்கிற விஷயங்கள் மட்டும் சொல்றேன்.

தனியா தூக்காதீங்க. பழைய வேட்டியை நாலா மடிச்சு, நோயாளியோட தோள்லேருந்து இடுப்புக்குக் கீழ வரைக்கும் வர்ற மாதிரி அடியில விரிச்சுடுங்க. திருப்பணும்னா, மேல நகர்த்தணும்னா, ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் நின்னு அந்தத் துணியைப் பிடிச்சு நகர்த்துங்க. உங்க முதுகும் தப்பும், அவர் தோலும் உரசாது.

39/
காத்து மாறி மாறி அடிக்கிற ஏர் பெட் கிடைச்சா, ராத்திரி திருப்பற இடைவெளியை 4 மணி நேரமாக்கலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. தோல் நல்லா இருந்தா பலருக்கு முடியும். உங்களுக்கு சேர்ந்தாப்ல 4 மணி நேரத் தூக்கம் கிடைக்கும். யோகா, தியானம் எல்லாம் அப்புறம். முதல்ல தூக்கம்.

உங்க மாத்திரையையும் அவர் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்துலயே வைங்க. அவருக்குக் கொடுக்கிற அதே நேரத்துல நீங்களும் போடுங்க.

40/
"ஏதாவது உதவி வேணுமா?"ன்னு யாராவது கேட்டா "ஒண்ணும் வேண்டாம்"னு சொல்லாதீங்க. ஒரு தாள்ல எழுதிச் சுவத்துல ஒட்டுங்க: செவ்வாய் சாயங்காலம் 4-6 உட்கார ஆள். சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட். மருந்துக்கடை. ரேஷன். கேட்கிறவங்ககிட்ட அதைக் காட்டி "இதுல எது உங்களுக்கு முடியும்?"னு கேளுங்க. கேட்கிறது பிச்சை கிடையாது. அவங்க குடும்பத்துல ஒருத்தரைத்தான் நீங்க பார்த்துக்கிட்டிருக்கீங்க.

41/
மத்தவங்களுக்கு ஒரே ஒரு வேலை. இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு வீடு ஞாபகம் வந்திருக்கும். அத்தை வீடோ, எதிர் வீடோ, உங்க அண்ணன் வீடோ. அங்க போன் பண்ணுங்க. "எப்படி இருக்காரு?"ன்னு கேட்காதீங்க, அதைத் தினமும் பத்துப் பேர் கேட்கிறாங்க. "ஞாயித்துக்கிழமை காலையில 9 மணிக்கு வர்றேன், 1 மணி வரைக்கும் நான் பார்த்துக்கிறேன். நீங்க எங்கயாவது போயிட்டு வாங்க, இல்லைன்னா தூங்குங்க"ன்னு சொல்லுங்க.

சொன்ன நேரத்துக்குப் போங்க. காபி கேட்காதீங்க.

இழையைப் பகிருங்க. முக்கியமா உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல.